படகுத் தண்ணீர் இறைக்க பம்ப் வாங்கப் போகிறீர்களா? என் 5,200 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

5,200 ரூபாய். நாகப்பட்டினம் கரையில் ஃபைபர் படகு வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று மத்தியானம் அந்தக் கடையில் மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைப் பெயர் போடவில்லை. படகு என்ஜின் உதிரி சாமான், கயிறு, லைட் எல்லாம் விற்கிற கடை, அவ்வளவுதான்.

வாடைக் காற்று நேரத்தில் அலை தாண்டி ஏறும்போதும் இறங்கும்போதும் படகுக்குள் தண்ணீர் விழாமல் இருக்காது. வலை இழுக்கும்போது வேறு சொட்டிச் சொட்டித் தேங்கும். இத்தனை காலமும் வெட்டின கேனை வைத்து அப்பாதான் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது அவரால் குனிய முடிவதில்லை. ஜிபிஎஸ்ஸுக்கும் லைட்டுக்கும் 12 வோல்ட் பேட்டரி படகில் எப்படியும் இருக்கிறது, அதிலேயே ஓடுகிற பம்ப் ஒன்று போட்டுவிடலாம் என்று போனேன்.

கடைக்காரர் பேசின விதம் இருக்கிறதே! படகு எத்தனை அடி, எத்தனை பேர் போகிறீர்கள், பேட்டரி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடல் தண்ணீருக்குத் தாங்குமா அண்ணே என்று கேட்டேன். "கடலுக்குன்னே செஞ்சது தம்பி, பெட்டியில மரைன்னு போட்டிருக்கு பாருங்க" என்றார். அப்புறம் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பம்பை உள்ளே இறக்கி, பேட்டரியில் ஒயரைத் தொட்டுக் காட்டினார். தண்ணீர் சீறி எழுந்து கடை வாசல் வரை தெறித்தது. "மணிக்கு 1,100 கேலன். நாலாயிரம் லிட்டருக்கு மேல தள்ளும்." அந்த இடத்தில்தான் நம்பினேன். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? 5,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த வாளி வேடிக்கையில்தான் ஏமாற்று இருக்கிறது. ஹோஸ் இல்லை, ஏற்றம் இல்லை. எந்த பம்பும் அப்படி வைத்தால் பீய்ச்சத்தான் செய்யும். படகில் தண்ணீர் அடியிலிருந்து மூன்று நான்கு அடி ஏறி, விளிம்பைத் தாண்டி வெளியே விழ வேண்டும். நல்ல பம்ப் என்றாலும் அந்த உயரத்தில் அளவு குறையும், அது எனக்குத் தெரியும். ஆனால் 1,100 கேலன் என்று ஒட்டியிருக்கிற சாமான் ஏற்றமில்லாமல் 20 லிட்டர் கேனைப் பதினெட்டு நொடியில் நிரப்பியிருக்க வேண்டும். ஹோஸ் மாட்டி விளிம்பு உயரத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடம் தாண்டியும் கேன் நிரம்பவில்லை. சரி, அள்ளுவதற்கு இது பரவாயில்லை என்று அப்பாதான் சமாதானம் சொன்னார்.

அதுவும் நீடிக்கவில்லை. ஒரு விடியற்காலையில் திரும்பி வரும்போது பக்கவாட்டில் அலை ஏறி உள்ளே விழுந்தது. ஸ்விட்ச் போட்டேன். ஒரு முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. லைட் எரிகிறது, ஃபியூஸ் போகவில்லை, பம்ப் மட்டும் செத்துப்போச்சு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உள்ளே 200 லிட்டர் கிடந்தால் 200 கிலோ, அதுவும் ஓரிடத்தில் நிற்காத கனம். படகு சாய்கிற பக்கமே ஓடிப்போய் இன்னும் சாய்க்கும். அப்பாவும் சித்தப்பாவும் கேனை எடுத்து அள்ளி ஊற்ற, நான் படகை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். குனிய முடியாத மனிதரை அன்றைக்குக் குனிய வைத்தது அந்த பம்ப்தான்.

கடைக்குப் போனால் "அண்ணன் வெளியூர் போயிருக்காரு" என்றான் பையன். அடுத்த தடவை, "கம்பெனிக்கு அனுப்பணும், வச்சிட்டுப் போங்க." வைத்துவிட்டு வந்தேன். போன் எடுக்கவே இல்லை. இன்றைக்குப் போனால் நான் கொடுத்த அதே பிளாஸ்டிக் பையில், முடிச்சுக்கூட அவிழ்க்காமல், மேஜைக்கு அடியிலேயே கிடக்கிறது! கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "உப்புத் தண்ணியில போட்டா வாரன்டி கிடையாது தம்பி." கடல் படகுக்கு என்று சொல்லி விற்ற பம்புக்கு! வாய் கூசாமல் சொல்கிறார். பில்லைத் திருப்பி, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற வரியைக் காட்டினார். கடைசியில், "வேணும்னா இன்னொன்னு 1,500 குறைச்சுத் தர்றேன்" என்கிறார்.

பம்பை வாங்கிக்கொண்டு நேராக மெக்கானிக்கிடம் போனேன். பிரித்தால் ஷாஃப்ட் முழுக்கத் துரு, சீல் போய் மோட்டாருக்குள் தண்ணீர். பக்கத்துப் படகுக்காரரும் அங்கேயே வாங்கியிருக்கிறார், அவருடையது இன்னும் ஓடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் இரண்டு ஆம்பியர்கூட இழுக்கவில்லை. 1,100 கேலன் பம்ப் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும். பாதித் திறன் உள்ள மோட்டாரில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டி 5,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். விடியுமுன் கடலுக்குப் போகணும், அவசரமாக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாளியில் காட்டினால் நம்பாதீர்கள். ஹோஸ் மாட்டி, நாலடி உயர்த்தி, கேன் வைத்து நேரம் பாருங்கள். வளையம் வளையமான ஹோஸ் வேண்டாம், உள்ளே வழவழப்பாக இருக்கணும். கடல் தண்ணீருக்கு என்று பில்லில் கையால் எழுதி வாங்குங்கள். பம்ப் இருந்தாலும் கேனைப் படகிலிருந்து இறக்காதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் கொண்டுபோன பழுதான பொருளை எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறைகேடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தால் புகார் பதிவாகும், நான் நாளைக்குச் செய்கிறேன்.

பக்கத்துப் படகுக்காரரும் பில்லோடு வருகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து 10,400 ரூபாய். அதே மாதிரிக் கடையில் அதே மாதிரி பம்ப் வாங்கினவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.