மிர்-155-ஐ அடக்குவதா, மிர்-34ஏ-வைத் திருப்பிக் கொடுப்பதா?

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது சுமார் 22 எழுத்து (மரபுக் குறியீட்டின் அலகு) நீளத் துணுக்கு; 'மிர்' என்பது அதன் சுருக்கப் பெயர். புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் செய்தி ஆர்.என்.ஏ-வில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவில் சிக்கல் என்னவென்றால், சில துணுக்குகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன, சில காணாமல் போகின்றன.

மிர்-155 முதல் வகை. செல்லின் பிரேக்குகளான ஷிப்-1, சாக்ஸ்-1 இரண்டையும் அமுக்கிவிடும். கோழிகளின் லிம்போமாவில் வைரஸ் நுழைந்து செருகிக்கொண்ட இடத்தில்தான் இதன் மரபணு முதலில் சிக்கியது. அப்போது அதற்குப் பெயர் 'பிக்'. 2006-இல் எலியின் பி செல்களில் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) இதை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். அதற்கே புற்று வந்துவிட்டது. இதை அடக்க வந்த மருந்து கோபோமார்சன். மிர்-155-க்கு எதிர் எழுத்துகள் கொண்ட குட்டி இழை அது. தோலில் வரும் டி செல் (இன்னொரு வகை வெள்ளை அணு) லிம்போமாவில், சிலருக்குக் கட்டியிலேயே ஊசி போட்டுச் சோதித்தார்கள்.

மிர்-34ஏ நேர்மாறு. புற்றுநோயைத் தடுக்கும் புரதமான பி53 தட்டி எழுப்பும் காவலாளி. மிக், பிசிஎல்-2 போன்ற புற்று மரபணுக்களை அடக்கும். இதன் நகலைக் கொழுப்பு உறையில் பொதிந்து 2013-இல் ரத்தத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். மருந்தின் பெயர் எம்ஆர்எக்ஸ்34. கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகள், உயிரிழப்புகள், 2016-இல் நிறுத்தப்பட்டது.

எனக்கு அடக்கும் வழியில்தான் நம்பிக்கை. கோபோமார்சன் சோதனையும் 2020-இல் பாதியில் நின்றதுதான், ஆனால் அதற்குக் காரணம் மருந்து நிறுவனத்தின் வணிகக் கணக்கு.