வேலூர்க் கோடையில் ஓர் ஈரப்பதமூட்டியும் 350 ரூபாய் மீட்டரும்

கடந்த மார்ச் மாத இறுதியில் வேலூர்க் கடை ஒன்றில், வீட்டுச் செடிகளுக்காக, நான்கு லிட்டர் தொட்டி கொண்ட அல்ட்ராசானிக் ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் கூட்டும் கருவி) ஒன்றை 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றையும் 350 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இரண்டையும் பயன்படுத்திவிட்டேன். கொடுத்த காசுக்குக் கூடுதலாக உழைத்தது சின்னதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையில், கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் இரண்டு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், ஓர் ஆந்தூரியம், மூன்று ஆப்பிரிக்கன் வயலட் தொட்டிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய கோடையில் ஆர்க்கிட் மொட்டுகள் பட்டாணி அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி, தொட்டாலே காம்போடு கையில் வந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றியதில் ஒரு செடியின் வேர் அழுகியதுதான் மிச்சம். ஆற்றில் நீரில்லை, மலையில் மரமில்லை, கோட்டையில் சாமியில்லை என்று எங்கள் ஊரைக் கேலியாகச் சொல்வார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப எழுந்தருளியதோடு மூன்றாவது குறை தீர்ந்துவிட்டது. முதல் இரண்டின் பலனைச் செடிகள் இன்னும் அனுபவிக்கின்றன. அதிகாலையில் 27 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் அதே காற்று, ஒரு சொட்டு நீராவியையும் இழக்காமலேயே, பிற்பகலில் 40 டிகிரியைத் தொடும்போது 40 சதவீதமாக இறங்கிவிடும். சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம் என்பதே காரணம். ஃபெலனாப்சிஸ் விரும்புவதோ 50 முதல் 70 சதவீதம்.

ஈரப்பதமானியை வாங்கியவுடன் நம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விட்டு, அந்த மூடியையும் மீட்டரையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு ஜிப் கவருக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்திவைக்கும். மறுநாள் காலையில் என் மீட்டர் 69 காட்டியது. ஆறு குறைவு என்று ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிட்டேன். எட்டு மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோதும் அதே ஆறுதான். பொய் சொன்னாலும் ஒரே அளவில் சொல்கிற கருவியை வைத்துக் காலம் தள்ளலாம்.

இனி ஹியூமிடிஃபையர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால், 35 சதவீதத்தை ஒன்றரை மணி நேரத்தில் 55-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. சத்தம் இல்லை, மின்சாரச் செலவும் சொற்பம். ஆனால் கத்திரி வெயிலில் ஜன்னலைச் சாத்திய வீட்டில் செடி இருக்கலாம், மனிதர் இருக்க முடியாது. ஜன்னலைத் திறந்த அரை மணி நேரத்தில் ஏறியதெல்லாம் இறங்கிவிடுகிறது. தொட்டி பன்னிரண்டு மணி நேரம் வரும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். குறைந்த வேகத்தில் வைத்தால் வரும். நமக்குத் தேவைப்படும் வேகத்தில் எட்டு மணி நேரம்தான்.

பெட்டியில் அச்சிடாத விஷயம் ஒன்று உண்டு, அது நம் ஊர்த் தண்ணீர். இந்தக் கருவி நீரை ஆவியாக்குவதில்லை. அடியில் உள்ள வட்டத் தகடு நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்து நீரைப் பொடித்துளிகளாக உடைத்து வீசுகிறது, அதனால் நீரில் கரைந்திருக்கும் உப்பும் சேர்ந்தே வெளியே வருகிறது. எங்கள் போர்த் தண்ணீரில் ஆர்.ஓ. சர்வீஸ்காரரின் டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டுவது) லிட்டருக்கு 1,050 மில்லிகிராம் காட்டியது. அப்படியென்றால் ஒரு தொட்டி தீர்வதற்குள் நான்கு கிராமுக்கு மேல் உப்பு அறைக்குள் பறந்திருக்கிறது. பத்தே நாளில் டிவி திரையில் விரலால் பெயர் எழுதலாம் என்ற நிலை. ஆந்தூரியத்தின் பளபளப்பான இலைகள் விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டன. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன்.

இரண்டாம் மாதம் தகட்டில் உப்புப் படிந்து புகையே வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "போர்த் தண்ணி ஊத்தினீங்களா சார்? அப்போ வாரன்ட்டி கிடையாது" என்றார். விற்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, எலுமிச்சைச் சாற்றைத் தகட்டின் மீது ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய மென்மையான பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தேன்; கருவி பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றுகிறேன், வெள்ளைத் தூள் ஏறக்குறைய நின்றுவிட்டது. சுத்திகரிப்பானிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சிக்கனம் கருதி ஊற்றிவிட வேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம்.

கருவியைச் செடிக்கு மிக அருகில் வைப்பதும் தவறு. ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அழுகல் பிடிக்கும். வயலட்டின் ரோம இலைகளில் தழும்பு விழும். நான்கடி தள்ளி, ஸ்டூல் மீது, வாய் சுவரைப் பாராமல் அறையின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி வைத்தேன். கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் முறையையும் பார்த்துவிட்டேன்: மீட்டரில் இரண்டு மூன்று புள்ளி ஏறியது, கொசுவும் வந்தது.

பழைய ஏர் கூலர்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. மே மாதத்தில் ஒரு நாள் அதை முன்னறைக்கு நகர்த்தி, ஜன்னலைத் திறந்தே வைத்து ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில், ஆறைக் கூட்டிச் சொன்னால், 61 சதவீதம். அறை வெப்பமும் நான்கு டிகிரி குறைந்தது. கூலரில் நீர் உண்மையாகவே ஆவியாவதால் உப்பு பேடிலேயே தங்கிவிடுகிறது, இலைக்கு வருவதில்லை. கடலோரச் சென்னையில் இந்த வித்தை எடுபடாது. வேலூரின் வறண்ட காற்றில் நன்றாகவே எடுபடுகிறது. காற்று நேராகச் செடி மீது அடிக்காதபடி மட்டும் திருப்பி வைக்க வேண்டும். வீட்டில் கூலர் இருப்பவர்கள் ஹியூமிடிஃபையர் வாங்கத் தேவையில்லை. இரவில் அறையைச் சாத்திக்கொண்டு ஏ.சி. போடுபவர்களுக்கு மட்டும் அது பயன்படும், ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மீட்டர் தானாகவே 80-ஐத் தாண்டியது. ஹியூமிடிஃபையரைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். இப்போது மேசை விசிறி ஒன்று குறைந்த வேகத்தில் ஜன்னலோரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆர்க்கிட் தண்டில் ஏழு மொட்டுகள், இரண்டு விரிந்துவிட்டன.