ஜோஷுவா ட்ரீயில் நான்கு குளிர்கால இரவுகள்: ஹிடன் வேலி முகாம் திடல் எப்படி?

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் உள்ள ஹிடன் வேலி முகாம் திடலில், டிசம்பர் கடைசியில் நாங்கள் மூன்று பேர் நான்கு இரவுகள் தங்கினோம். மொத்தம் 44 இடங்களே கொண்ட இந்தச் சிறு திடலைச் சுற்றிலும் நடுவிலும் ஏறத்தக்க பாறைகள் நிற்பதால், காலையில் காபியைக் குடித்து முடித்த கையோடு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். இவ்வசதியைப் புகழாதவர்கள் இல்லை. ஆனால் டிசம்பரில் இங்கே மாலை நாலரை மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடுகிறது. மறுபடி வெயிலைப் பார்க்க ஏறத்தாழ 14 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பாறையில் நாம் கழிக்கும் நேரத்தைவிடக் கூடாரத்தில் கழிக்கும் நேரமே அதிகம் என்பதால், இத்திடலை அதன் இரவை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாலைவனம் என்றதும் வெப்பத்தையே நினைத்துப் பழகிய மனத்துக்கு முதல் இரவு நல்ல பாடம். திடல் சுமார் 4,200 அடி உயரத்தில் இருக்கிறது; காற்றில் ஈரமும் வானில் மேகமும் இல்லாததால், பகலில் நிலம் வாங்கிய சூடு இருட்டியதும் தங்காமல் போய்விடுகிறது. பகலில் 15 பாகை செல்சியஸ் வரை இருந்த இடத்தில் விடியற்காலையில் தண்ணீர்ப் புட்டியின் கழுத்து உறைந்திருந்தது. என் நண்பர் தம் உறக்கப் பையின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த −6 என்ற எண்ணை நம்பி வந்திருந்தார். அது உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லையே தவிர, நிம்மதியாகத் தூங்குவதற்கான அளவு அன்று. அதற்குரிய எண் 0 என்று பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருந்தது. குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் அன்று உணர்ந்தோம். காற்றடைத்த பாய்க்கு அடியில் ஒரு ஃபோம் பாயையும் விரித்த பிறகே முதுகு சூடு கண்டது.

அடுப்பும் ஏமாற்றியது. எங்கள் எரிவாயுக் குப்பியில் பியூட்டேன் மிகுதி, அது −0.5 பாகைக்குக் கீழே ஆவியாக மறுக்கும் என்பதால், காலைக் காபிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை ஆவியாகிவிட்டது. மறுநாளிலிருந்து குப்பியை உறக்கப் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினோம். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பியை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

வசதிகளைப் பொறுத்தவரை, ஒவ்வோர் இடத்துக்கும் மேசையும் தீ மூட்டும் வளையமும் உண்டு. தண்ணீரற்ற குழிக் கழிப்பறைகள் உண்டு. குடிநீர் கிடையாது. பூங்காவின் உட்பகுதியில் எங்குமே தண்ணீர் கிடைக்காது என்பதால் முழுவதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். காய்ந்த குச்சிகளைப் பொறுக்கி எரிக்க அனுமதி இல்லை, எனவே விறகும் அப்படியே. கைபேசிக்குச் சிக்னல் இல்லை; அருகிலுள்ள இன்டர்செக்‌ஷன் ராக் வாகன நிறுத்தத்தில் அவசரத் தொலைபேசி இருப்பதைப் போன உடனே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் சென்றபோது முன்பதிவு இல்லை, முதலில் வருகிறவருக்கே இடம். வெள்ளிக்கிழமை மாலையில் வந்தவர்கள் திடலைச் சுற்றிச் சுற்றி வந்து திரும்பியதைப் பார்த்தோம்.

இனி பாறை. பூமிக்கடியில் குழம்பு மெல்லக் குளிர்ந்து உருவான மான்சோகிரானைட் இது. அதன் பரல்கள் பெரியவை, கூரியவை. காலணியின் ரப்பர் ஒட்டிக்கொள்வதைப் போலவே விரல் தோலும் அதில் ஒட்டிக்கொள்ளும். வெடிப்புகளுக்குள் கையைச் செருகி ஏற நினைப்பவர்கள் புறங்கையில் தோலைக் காக்கும் டேப் ஒட்டிக்கொள்ளாவிட்டால் இரண்டாம் நாளே ஓய்வெடுக்க நேரும். ஏறும் தடம் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் தர எண்கள் (5.6, 5.7 என எண் கூடக் கடினமும் கூடும்) இங்கே கஞ்சத்தனமானவை; எண் சொல்வதைவிட ஏற்றம் கடினமாகவே இருக்கும். உள்ளரங்கச் சுவரில் 5.9 ஏறுகிறவர், திடலிலேயே உள்ள ‘டபுள் கிராஸ்’ தடத்தின் 5.7+ என்ற எண்ணைப் பார்த்து அலட்சியம் கொள்ளக் கூடாது. வெடிப்பு தொடங்குவதற்கு முன்னுள்ள சில அடிகளே அதில் அபாயமான பகுதி, அங்கே பாதுகாப்புக் கருவி பொருத்துவது எளிதன்று. இன்டர்செக்‌ஷன் ராக்கில் உள்ள 5.6 தரமான ‘மைக்ஸ் புக்ஸ்’ எங்களுக்கு நல்ல தொடக்கமாக அமைந்தது. பல தடங்களின் உச்சியில் கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த போல்ட் இருக்காது, வெடிப்பில் செருகும் உலோகக் கருவிகளான கேம்களையும் நட்களையும் கொண்டு நாமே பிடிமானம் அமைக்க வேண்டும். ஜோஷுவா மரங்களில் கயிற்றைக் கட்டக் கூடாது.

குளிர்காலத்தில் தடத்தின் தரத்தைவிட அது பார்க்கும் திசைதான் முக்கியம். பிற்பகல் வெயில் விழும் மேற்கு முகத்தில் சட்டையோடு ஏறலாம். அதே பாறையின் வடக்கு முகத்தில் விரல்கள் பத்து நிமிடத்தில் மரத்துவிடும். இதே கணக்கு கூடாரத்துக்கும் பொருந்தும் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. முதலில் கிடைத்த இடம் பெரிய பாறையின் மேற்கு அடிவாரத்தில் இருந்தது; மறைவாக, அழகாக இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். காலை ஒன்பது மணி தாண்டியும் அங்கே வெயில் வரவில்லை. மூன்றாம் நாள் கிழக்கு திறந்த ஓர் இடம் காலியானதும் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் நட்டோம். மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் கூடாரத் துணியில் வெயில் பட்டது, எட்டரைக்கு முதல் தடத்தில் இருந்தோம்.

இரவைத் தாங்கும் உறக்கப் பை உள்ளவர்களுக்கு இத்திடலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தைகளுடன் வருகிறவர்களும் முதன்முறையாகக் கூடாரத்தில் தங்குகிறவர்களும் மார்ச் மாதம் வரை பொறுக்கலாம். நாங்கள் அடுத்த டிசம்பரில் வியாழக்கிழமை காலையிலேயே போய், கிழக்கு திறந்த இடமாகத் தேடுவதாக இருக்கிறோம்.