பழைய பிளானர் ஹெட்போன்: குஷனா, களியா, ஈக்வலைசரா?

பழைய பிளானர் மேக்னட்டிக் ஹெட்போன் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "உள்ளே என்ன அடைத்தால் சத்தம் நன்றாக வரும்?" என்பதுதான். குளிர் நாட்டில் இருப்பவருக்கு அது சரியான கேள்வியாக இருக்கலாம். மட்டக்களப்பிலோ கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமோ இருப்பவருக்கு முதல் கேள்வி காதுக் குஷன். நம் வெக்கையிலும் உப்புக் காற்றிலும் முதலில் கெட்டுப்போவது அதுதான். பேஸ் எவ்வளவு ஆழம் இறங்கும், காதில் வைத்து எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற இரண்டையும் முடிவு செய்வதும் அதுதான். அடைப்பு வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

வழக்கமான ஹெட்போனில் ஒரு சின்னக் கம்பிச் சுருள் கூம்பில் ஒட்டியிருக்கும். அது கூம்பைத் தள்ளி இழுக்கும். பிளானரில் அப்படியில்லை. மெல்லிய பிளாஸ்டிக் படலம் முழுவதிலும் உலோகத் தடம் ஓடுகிறது. துளையிட்ட காந்தங்களுக்கு நடுவே அந்தப் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் படலம் மொத்தமாக அசைகிறது. மத்தளத்தில் விரல் பட்ட கணம் அவ்வளவு துல்லியமாகக் கேட்பது இதனால்தான். ஆனால் இழுத்துக் கட்டிய எதற்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு. அதை அடக்குவது படலத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபெல்ட் அல்லது தாள். காற்று அதனூடே கஷ்டப்பட்டுப் போய்வர வேண்டும். அந்தக் கஷ்டம்தான் பிரேக். நாம் செய்யும் திருத்தம் எல்லாமே இந்தக் காற்றுப் பாதையை மாற்றுவதுதான். படலத்தை யாரும் தொடுவதில்லை, தொடவும் கூடாது.

இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று யமஹா ஹெச்பி-1. 1976இல் வந்தது. ஒலிவெட்டி கணக்கிடும் இயந்திரங்களை வடிவமைத்த இத்தாலியர் மாரியோ பெல்லினி இதன் வடிவத்தையும் அமைத்தார். இந்தத் தொழில்நுட்பத்துக்கு யமஹா வைத்த பெயர் ஆர்த்தோடைனமிக். வட்டப் படலம், 150 ஓம் மின்தடை, காதைச் சுற்றி அமராமல் காதின் மேலேயே அமரும் குஷன். மற்றது ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி. 1970களில் தொடங்கிய ஆர்பி வரிசையின் வாரிசு. ஸ்டூடியோவில் அடிபடுவதற்கென்றே செய்த கறுப்புப் பிளாஸ்டிக் சாமான், 50 ஓம். கழற்றி மாட்டும் கேபிள். இதன் எம்கே3 பதிப்பில் பாலிஇமைட் படலத்தில் செம்புத் தடம், நியோடைமியம் காந்தம்.

குரலுக்கு ஹெச்பி-1. கூத்துப் பதிவில் அண்ணாவியாரின், அதாவது கூத்தை நடத்தும் ஆசானின், குரலும் பிற்பாட்டும் அதில் வருகிற இதம் டி50ஆர்பியில் வராது. ஆனால் சல்லரி என்னும் கைத்தாளத்தின் நுனிச் சத்தம் ஹெச்பி-1இல் கொஞ்சம் மங்கும். டி50ஆர்பி எம்கே3ஐப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே கேட்டால் நடு பேஸ் தடித்து, அடி பேஸ் கரைந்துபோயிருக்கும். மத்தளத்தின் கனமான தலையில் விழும் அடி வீங்கித் தெரியும். குறை இதில்தான் அதிகம். திருத்தினால் முன்னேறக்கூடிய தூரமும் இதில்தான் அதிகம்.

அதனால் என் கருத்து இது: ஹெச்பி-1 கிடைத்தால் பழுது பார்த்துப் பேணுங்கள், அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். நாளை ஒருவர் பழையபடி ஆக்க முடியாத எதையும் அதில் செய்யக் கூடாது. அரை நூற்றாண்டாகிவிட்ட பொருள். உடைந்த பாகத்துக்கு மாற்று இன்னொரு ஹெச்பி-1இல் இருந்துதான் வர வேண்டும். டி50ஆர்பியில் தாராளமாகக் கை வைக்கலாம். அமெரிக்காவில் டான் கிளார்க் இதே ஹெட்போனைத் திருத்தித் திருத்தி 'மேட் டாக்' என்று விற்றுத்தான் தன் தொழிலை வளர்த்தார். பிறகு வந்த 'ஆல்ஃபா டாக்'கின் கிண்ணத்தை, அதாவது காதை மூடும் வெளிக்கூட்டை, முப்பரிமாண அச்சில் எடுத்தார். உள்ளே இருந்த டிரைவர், அதாவது படலமும் காந்தமும் சேர்ந்த பாகம், ஃபோஸ்டெக்ஸினுடையதுதான்.

குஷன்: ரெக்சினா, வெல்வெட்டா, கைத்தறியா?

ரெக்சின் குஷன் காற்றை விடாது. அதனால் பேஸ் முழுதாக நிற்கும். ஆனால் ஏப்ரல் வெக்கையிலும், பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் காதைச் சுற்றி வியர்வை தேங்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. விலை குறைந்த செயற்கைத் தோலின் மேற்பூச்சு பாலியூரித்தேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது வேதியியல் முறையிலேயே சிதைந்து செதில் செதிலாக உரியும். பாவிக்காமல் அலுமாரியில் வைத்தாலும் உரியும். உரிந்த துகள் டிரைவர் வாயில் போய் விழும். உண்மைத் தோல் அப்படி உரியாது, ஆனால் வாடைக் காற்று மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து வெயில் படாத இடத்தில் உலர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வெல்வெட் போன்ற துணிக் குஷன் தொட இதமானது. காற்று அதன் பக்கவாட்டால் கசியும், கசிந்தால் அடி பேஸ் போய்விடும். டி50ஆர்பிக்கு இது பெரிய இழப்பு, ஏற்கெனவே அதில் இருப்பதே கொஞ்சம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. உள் சுவரும் வெளிச் சுவரும் ரெக்சின், தோலில் படும் முகப்பு மட்டும் பருத்தி. மருதமுனைக் கைத்தறித் துணியில் நெருக்கமாக நெய்ததாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்தால் போதும். ஆட்டோ சீட், மோட்டார் சைக்கிள் சீட் தைக்கும் குஷன் கடைக்காரருக்குப் பழைய குஷனை மாதிரியாகக் கொடுத்தால் தைத்துத் தருவார். வளைவில் சுருக்கம் விழாமல் ரெக்சின் இழுக்கும் கை அவர்களுக்கு உண்டு. இதில் வியர்வை துணியில் இறங்குகிறது, காற்று பக்கத்தால் தப்புவதில்லை. பேஸ் ரெக்சினுக்கு மிக அருகில் நிற்கும். முகப்புத் துணியைக் கழற்றித் துவைக்கும்படி தைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே வைக்கும் பஞ்சிலும் வித்தியாசம் உண்டு. மெமரி ஃபோம் சூட்டில் இளகும் பொருள். 20 பாகை செல்சியஸில் அளவெடுத்து வடிவமைத்த குஷன் நம் வீட்டு 32 பாகையில் இன்னும் அமுங்கி மெலிந்துவிடும், காது டிரைவர் தட்டில் முட்டும். கொஞ்சம் கெட்டியான சாதாரண ஸ்பொஞ்சே இங்கே மேல். உயரமும் முக்கியம். குஷன் தடிக்கத் தடிக்கக் காது டிரைவரிலிருந்து விலகும், ட்ரெபிளின், அதாவது கூரிய மேல் சத்தத்தின், குணமே மாறும். ஆகவே குஷனை மாற்றிய பிறகுதான் உள்ளே எதையும் சரிபார்க்க வேண்டும்; முன்னரே செய்த அடைப்பு வேலையெல்லாம் குஷன் மாறியதும் கணக்குத் தப்பும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க 30, 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டுக் கிண்ணத்தை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் எங்கோ காற்றுப் போகிறது. மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்குக் கசிவு பெரும்பாலும் கண்ணாடிக் காலடியில்தான்.

ஹெச்பி-1க்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அதன் குஷனும் சத்தத்தின் ஒரு பாகமாகவே அமைக்கப்பட்டது. காதை முழுதாக மூடும் பெரிய குஷனை அதில் மாட்டினால் சொகுசு வரும், யமஹா கொடுத்த சத்தம் போய்விடும். பழைய அளவிலேயே, பழைய தடிப்பிலேயே புதிதாகத் தைப்பதுதான் சரி.

உள்ளே: களி, ஃபெல்ட், பஞ்சு

டி50ஆர்பியின் குஷனைக் கழற்றினால் திருகாணிகள் தெரியும். அவற்றைத் திறந்தால் பிளாஸ்டிக் கிண்ணம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இணையம் முழுக்கச் சொல்லும் வைத்தியம், கிண்ணச் சுவரில் பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களியை அப்புவது. பிளாஸ்டிக் அதிர்வது குறையும், நடுச் சத்தம் தெளியும். உண்மைதான். ஆனால் அந்தக் களி சூட்டில் இளகும், எண்ணெய் விடும், ஹெட்போன் பாரமும் கூடும். 300 கிராம் தாண்டிய ஒன்றின் மேல் இன்னும் பாரம் ஏற்றிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. மெல்லிய தகடாக, சுவர் மூலைகளில் மட்டும் ஒட்டி மேலே அலுமினிய டேப்பால் மூடினால் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தண்ணீர்க் களி வேண்டவே வேண்டாம். காய்ந்து வெடித்துத் தூளாகும்.

பஞ்சு வேறு வேலை செய்கிறது. கிண்ணத்துக்குள் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிப் படலத்தை அடிப்பதை அது உறிஞ்சும். இலவம் பஞ்சு நம்மூரில் எளிதில் கிடைக்கும், ஆனால் அதன் நுண்ணிழை பறக்கும். மெல்லிய துணியில் சுற்றி வைப்பதாக இருந்தால் மட்டும் பாவியுங்கள். மருந்துக் கடைப் பருத்திப் பஞ்சு அடங்கி இருக்கும். ஈரம் இழுக்கும் என்பதால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை மாற்றிவிடலாம். இறுக அடைக்காதீர்கள். தளர்வாக இருந்தால்தான் வேலை செய்யும்.

மூன்றிலும் மிகக் கூர்மையான கருவி டிரைவரின் பின்புறத்தில் ஒட்டும் ஃபெல்ட் அல்லது மைக்ரோபோர் டேப். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டும் அதே தாள் டேப்தான். அது காற்றை முற்றாக மறிக்காமல் தாமதப்படுத்தும். ஒரு படை ஒட்டினால் வீங்கிய மத்தளம் இறுகும். இன்னும் ஒட்டினால் மேலும் இறுகி, பிறகு ஒரு கட்டத்தில் பேஸ் மெலிந்து சத்தம் வறண்டுபோகும். அந்தக் கட்டத்துக்கு ஒரு படை முன்னால் நிறுத்த வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவில் ஒட்டுவது கட்டாயம். மோனோ பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் பாடுபவர் குரல் நெற்றிக்கு நேரே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் டேப்போ குஷனோ சமமில்லை.

சல்லரி காதைக் கீறுகிறது என்றால் டிரைவரின் முன்பக்க நடுவில் ஒரு சின்ன ஃபெல்ட் வட்டம் போதும். ஹெச்பி-1க்கு அது தேவையே இல்லை. அதில் பின்பக்க ஃபெல்ட் இற்றுப்போயிருந்தால் அதே தடிப்பில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திறந்து வேலை செய்யும்போது மேசை மிகச் சுத்தமாக இருக்கட்டும். கடற்கரை மணலில் காந்தத்தை அலையவிட்டால் கறுப்புத் துகள் ஒட்டுவதைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருப்போம். கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் என்று கரையோரம் வாழும் எல்லார் வீட்டிலும் அந்த மணல் இருக்கிறது. டிரைவருக்குள் போனால் அது படலத்தில் உரசி 'கரகர' என்னும். வெளியே எடுப்பது மிகக் கடினம். இரும்புத் திருகாணி முடுக்கியைக் காந்தம் கையிலிருந்து பறித்துப் படலத்தைக் கிழித்துவிடும். அருகில் போகும் கருவி பிளாஸ்டிக்கோ பித்தளையோ ஆக இருக்கட்டும்.

ஈக்வலைசர் போதாதா?

ஈக்வலைசர் என்பது பேஸ், ட்ரெபிள் அளவுகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி. விண்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். கைபேசியில் கேட்பவர்களுக்கும் வழி உண்டு. பிளானர் டிரைவர் பேஸில் சத்தத்தை அதிகம் திரிப்பதில்லை, அதனால் ஈக்வலைசரை நன்றாகவே தாங்கும். ட்ரெபிளில் ஒரு மேட்டைக் குறைப்பதற்கு ஃபெல்ட் வெட்டுவதைவிட இது துல்லியமானது, பிடிக்காவிட்டால் ஒரு சொடுக்கில் பழையபடி ஆகும். ஹெச்பி-1 வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் பேஸை ஏற்றுவதற்குச் சக்தி வேண்டும். 6 டெசிபெல் ஏற்றினால் 4 மடங்கு, 10 டெசிபெல் ஏற்றினால் 10 மடங்கு. டி50ஆர்பி எம்கே3 ஒரு மில்லிவாட்டுக்கு 92 டெசிபெல்தான் தரும். கைபேசி அந்த இடத்தில் திணறும். குஷனால் கசியும் பேஸை ஈக்வலைசரால் நிரப்பப் பார்ப்பது வீண். கிண்ணத்துக்குள் முட்டித் திரும்பும் சத்தத்தையும் அது தீர்க்காது. பழைய கசெட்டில் நேரே கேட்பவருக்கு இந்த மென்பொருள் பயன்படவும் போவதில்லை.

சக்திக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ செட் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதன் பெரிய ஹெட்போன் துளை பெரும்பாலும் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து மின்தடை வழியாக வருவது. மற்ற ஹெட்போன்களில் அந்த மின்தடை சத்தத்தின் குணத்தைக் கெடுக்கலாம். பிளானரின் தடை எல்லா அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை. ஜப்பானுக்கென்று செய்த செட் வாங்கினால் மட்டும் கவனம்: அது 100 வோல்ட், நம் 230இல் நேரே செருகினால் எரிந்துவிடும்.

தலைப்பட்டிக்கு நீண்ட அலசல் தேவையில்லை. ஹெச்பி-1இல் தொங்கு பட்டி ஏற்கெனவே இருக்கிறது, பாரம் பரந்து இறங்கும். டி50ஆர்பியின் மெல்லிய ரப்பர் பட்டி உச்சந்தலையில் கோடு போடும். அதன் கீழே அகலமான தோல் பட்டி ஒன்றைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. செருப்புத் தைப்பவரே செய்து தருவார். இறுக்கம் அதிகமென்றால் இரும்பு வளையத்தைப் புத்தக அடுக்கின் மேல் விரித்து இரவு முழுக்க வைக்கலாம், ஆனால் தலையை விடச் சற்று அகலம் போதும். இறுக்கம் ஒரேயடியாகப் போனால் குஷன் காதைச் சுற்றி ஒட்டாது, அடி பேஸ் மறுபடி கசியத் தொடங்கும்.