துண்டுத்துணி சேமிப்பு: ஆறு வருட அனுபவம்

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே பிளவுஸ், சுரிதார் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு பிளவுஸ் பிட்டில் கழுத்தும் கை வளைவும் வெட்டியது போக, உள்ளங்கை அகலத்தில் நாலைந்து துண்டுகளாவது மிஞ்சும். அதையெல்லாம் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. 2019இல் அந்தத் துண்டுகளை வைத்து முதல் ஒட்டுப்போர்வை தைத்தேன். அன்றிலிருந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். எப்படிச் சேர்த்து வைப்பது என்று பிடிபடத்தான் பல நாள் ஆனது.

முதலில் எல்லாமே கட்டைப்பைக்குள்தான். கட்டிலுக்கு அடியில் மூன்று பை நிறைந்தது. ஒரு பச்சைத் துண்டு வேண்டுமென்றால் பையைத் தரையில் கொட்டித் தேடவேண்டும். தேடி முடிப்பதற்குள் தைக்கிற ஆசையே போய்விடும்.

அப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் ஆறு வாங்கி நிறவாரியாகப் பிரித்தேன். அடுக்கி வைத்தபோது கண்ணுக்கு அவ்வளவு அழகு. எங்கள் ஊருக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. ஒரு ஐப்பசியில் துண்டுகளை அலசி, ஸ்டீம் அயர்ன் போட்டு, சூடு ஆறுவதற்கு முன்பே பெட்டியில் வைத்து இறுக்கி மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் குப்பென்று பூஞ்சை வாடை. மேலே இருந்த வெள்ளை லைனிங் துணி முழுக்க மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளி. வெயிலில் போட்டதில் வாடை போனது, புள்ளி போகவில்லை. பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஈரத்தை உள்ளே வைத்து மூடியது என் தவறு. இப்போது தேய்த்த துணியை ஒரு ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் விரித்துவிட்டுத்தான் எடுத்து வைக்கிறேன்.

நான்கு வருடமாக எனக்குக் கைகொடுப்பது அளவுவாரியாகப் பிரிக்கும் முறை. முக்கியமான விஷயம் இதுதான்: துண்டாக அப்படியே சேர்க்காமல், மிஞ்சிய அன்றைக்கே அளவாக வெட்டிவிட வேண்டும். பெரிய துண்டென்றால் 5 அங்குலச் சதுரம், அது வராவிட்டால் சின்னச் சதுரம், அதுவும் வராவிட்டால் பொடி. அட்டையில் அளவு வெட்டி மெஷின் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். பத்து நிமிட வேலைதான்.

சின்னச் சதுரத்தின் அளவில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஒட்டுப்போர்வைக்கென்றே வெட்டி விற்கும் கட்டுகள் 5 அங்குலச் சதுரமாகவும் 2½ அங்குலப் பட்டையாகவும் வரும். அதைப் பார்த்து நானும் சின்னதை 2½ அங்குலத்தில் வெட்டி வைத்தேன். அப்படி இரண்டைச் சேர்த்துத் தைத்தால், இரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போய் 4½தான் வரும். 5 அங்குலச் சதுரத்தோடு பொருந்தாது. நாலு நாலாகச் சேர்த்து அறுபது கட்டம் தைத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது, அத்தனையையும் பிரித்தேன். இப்போது சின்னது 2¾ அங்குலம். நாலு சேர்ந்தால் சரியாக ஒரு பெரிய சதுரம்.

ஒரு ஆள் படுக்கும் கட்டில் போர்வைக்கு, 63க்கு 90 அங்குலம், 5 அங்குலச் சதுரம் 280 தேவை. சாதாரணப் பருத்தியில் ஐம்பது சதுரம் தோராயமாக நூறு கிராம் நிற்கும். அதனால் எண்ணுவதில்லை, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். அறுநூறு கிராம் சேர்ந்துவிட்டால் மேல் பக்கத்துக்குப் போதும்.

வைப்பதற்குச் செருப்பு அட்டைப்பெட்டியும் பார்த்தாயிற்று. கரப்பான் வந்து குடியேறியது. காற்றோட்டம் உள்ள ஓட்டைக் கூடைதான் சரிப்பட்டது. உள்ளே பழைய வேட்டித் துணி விரித்து, சதுரங்களைப் படுக்கப் போடாமல் புத்தகம்போல நிறுத்தி வைக்கிறேன். எல்லா நிறமும் மேலேயே தெரியும். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். புழுக்கத்தில் இளகித் துணியில் ஒட்டிக்கொண்டு பழுப்புக் கோடு விழுந்துவிடும். துணியின் ஓரக்கரையைக் கிழித்தால் நல்ல கயிறு.

கஞ்சி போட்ட துணியை அலசாமல் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும். பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தேன், அந்த வாடை போர்வையை விட்டுப் போகவே இல்லை. குழந்தைக்குப் போர்த்தும் துணிக்கு அது ஆகாது. இப்போது வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சின்ன முடிச்சாகக் கட்டிப் போடுகிறேன்.

கூடையில் பருத்திக்கு மட்டும்தான் இடம். பனியன் துணி இழுபடும், கலந்து தைத்தால் போர்வை சுருங்கிச் சுருங்கி நிற்கும். பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணிபோல இறுகும். சுங்குடி மாதிரி அடர் நிறத் துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்துப் பார்க்காமல் சேர்ப்பதில்லை. ஒரு சிவப்புச் சுங்குடித் துண்டு பக்கத்தில் இருந்த எட்டுச் சதுரத்தை ரோஸ் ஆக்கியிருக்கிறது.

தைக்கக் கொடுப்பவர்களிடம் கேட்காமல் மிச்சத்துணியை எடுக்கக் கூடாது, அது அவர்கள் துணி. நான் உருப்படியோடு சேர்த்துத்தான் நீட்டுவேன். "இத நான் கொண்டுபோய் என்ன செய்யட்டும்? நீங்களே வச்சிக்கிடுங்க அக்கா" என்று பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் இந்த முறை ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி பழங்குடிப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையில் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, கிடைத்த துண்டை அதன் உருவத்திலேயே வைத்துக் கையால் தைத்துக்கொண்டு போவார்கள். அந்த மாதிரித் தைக்க நினைப்பவர்கள் துணியைச் சதுரமாக வெட்டவே வேண்டாம்.

எனக்கு மூன்று கூடை, அதற்குமேல் வைத்துக்கொள்வதில்லை. பொடிக்கூடை போன மாதம் பிதுங்கி வழிந்தது. அத்தனையையும் அடைத்துத் திண்ணைக்கு ஒரு திண்டு தைத்தேன். கெட்டியாக, நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா மத்தியானத்தில் அதில்தான் சாய்ந்துகொள்கிறார்.