கழற்றி மாட்டும் ராட் ஹோல்டர்: கெளுத்திப் படகில் நான்கு வருடம்

தூண்டில் ராடைப் பிடித்து நிற்கும் ஹோல்டரைக் கழற்ற ஸ்பேனர் தேட வேண்டியிருந்தால் யாரும் அதைக் கழற்றப் போவதில்லை. இது எனக்குப் புரிய ஒரு முழு சீசன் ஆனது. உலோகத்தில் நான் முதலில் செய்த செட்டில் ஒவ்வொரு ஹோல்டருக்கும் இரண்டே போல்ட். பட்டறை வெளிச்சத்தில் பார்க்கும்போது இரண்டு போல்ட் ஒரு பொருட்டே இல்லை. நடு ராத்திரி, கையெல்லாம் மீனின் வழுவழுப்பு, நெற்றி லைட்டைச் சுற்றிப் பூச்சி, படகு வேறு ஆடிக்கொண்டிருக்கிறது. அப்போது அதே இரண்டு போல்ட் மலையாகத் தெரியும். அந்த வருடம் முழுக்க அவை மாட்டிய இடத்திலேயே இருந்தன. இரை பிடிக்க வீசிய வலை அவற்றில் சிக்கி இரண்டு இடத்தில் கிழிந்ததுதான் மிச்சம்.

கழற்றும் வகைக்கு நான் போனதற்கு முதல் காரணமே வீச்சு வலைதான். கெளுத்திக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், முதல் ஒரு மணி நேரம் இரைக்குச் சின்ன மீன் பிடிப்பதிலேயே போய்விடும். வலையை விசிறும்போது படகு விளிம்பில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் தேடிப்போய் அதில் மாட்டும். பெரிய மீன் பக்கத்தில் வந்ததும் படகைச் சுற்றி ஓடும்போதும் இதே கதை, அப்போது வலைக்குப் பதில் தூண்டில் நரம்பு சிக்கும். டிரெய்லரில் ஏற்றி உறை போடும்போதும் ஹோல்டர்கள் இல்லாமல் இருந்தால்தான் உறை ஒழுங்காக உட்காரும்.

இப்போது படகில் இருப்பது மூன்றாவது வடிவம். படகு 16 அடி, அலுமினியம், தட்டை அடி. பின்பக்கம் நான்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஆக ஆறு ஹோல்டர். முதல் வடிவம் பி.வி.சி. பைப்பைப் பலகையில் கட்டியது. ஒன்றரை வருட வெயிலில் பைப் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, ஒரு குளிர்காலக் காலையில் ராடைச் செருகும்போதே வாய் பிளந்தது. பைப்பைவிட அந்தப் பலகைதான் எனக்குப் பெரிய பாடம். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய மரம் அது. கழற்றிப் பார்த்தால் பலகை உட்கார்ந்திருந்த இடமெல்லாம் அலுமினியம் பொரிந்து குழி விழுந்திருந்தது. செம்பு கலந்த மரமும் ஈரமும் அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. படகில் மரம் வைத்தே தீரவேண்டும் என்றால் அந்த மருந்து ஏற்றாத மரத்துக்கு நன்றாக எபாக்ஸி பூசி வையுங்கள்.

மூன்றாவது வடிவத்தின் எலும்புக்கூடு ரொம்பச் சாதாரணம். படகு விளிம்பின் உட்பக்கம் 60 மி.மீ. சதுர அலுமினியக் குழாய், சுவர்க்கனம் 5 மி.மீ., நீளம் 20 செ.மீ., செங்குத்தாக போல்ட் போட்டு நிரந்தரமாக நிற்கிறது. இதை நான் குழி என்று சொல்கிறேன். அதற்குள் 40 மி.மீ. சதுரத் தண்டு இறங்கும். தண்டின் தலையில் ராடு நுழையும் வட்டக் குழாய் சாய்வாக இருக்கும். குறுக்கே 10 மி.மீ. பின் ஒன்று. பின்னை இழுத்தால் தண்டு மேலே வந்துவிடும், அவ்வளவுதான். கழற்றிய பிறகு விளிம்பில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது.

வட்டத் தண்டு போட்டிருந்தால் வேண்டிய கோணத்துக்குத் திருப்பிக்கொள்ளலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். நானும் ஒன்று செய்து பார்த்தேன். திரும்பாமல் பிடிக்கிற வேலை முழுக்க அந்த ஒற்றைப் பின் தலையில் விழுகிறது. சில மாதத்தில் பின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்து, ராடு தானாகவே பத்துப் பதினைந்து டிகிரி ஆடத் தொடங்கியது. சதுரத்தில் நான்கு திசைதான் கிடைக்கும், சரி. ஓரத்து ஹோல்டர்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்க வேண்டும் என்றால் மேலே இருக்கும் வட்டக் குழாயையே அந்தக் கோணத்தில் வைத்துப் பொருத்திவிடலாம். ஆறு ஹோல்டரும் ஆறு விதமாகிவிடும் என்பது உண்மைதான். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

தண்டுக்கும் குழிக்கும் நடுவே நாலு பக்கமும் 5 மி.மீ. இடைவெளி விட்டது தெரிந்தேதான். உலோகத்தின் மேல் உலோகம் உரசினால் கீறும், சத்தம் போடும், மணல் புகுந்தால் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் என்ன வைப்பது என்பதில்தான் நான் சறுக்கினேன். நல்ல நைலான் புஷ், அதாவது உள்ளுறை, கடைந்து வைத்தேன். பட்டறையில் தண்டு உள்ளே இறங்கியபோது காற்று உஸ்ஸென்று வெளியேறும் அளவுக்குக் கச்சிதம். அதை எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். படகைத் தண்ணீரில் விட்டு இரண்டு வாரம் மழையிலும் ஈரத்திலும் ஓட்டிய பிறகு ஒரு தண்டுகூட வெளியே வரவில்லை. மரச்சுத்தியால் தட்டி, கயிறு கட்டி இழுத்து, கடைசியில் புஷ்ஷோடு சேர்த்துப் பிய்த்துத்தான் எடுத்தேன். நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும். நூற்றுக்கு இரண்டு பங்கு ஊதினாலே 5 மி.மீ. கனத்தில் 0.1 மி.மீ. ஆகிறது, எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்தால் 0.2 மி.மீ. என்னுடைய கச்சிதத்தில் அந்த அளவுக்கு இடமே கிடையாது.

மாற்று சமையலறையில் இருந்தது. காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை பெரும்பாலும் எச்.டி.பி.இ., அது தண்ணீரைக் குடிக்காது. அதைப் பட்டையாக அறுத்து, உப்புத்தாளில் இழைத்து, குழியின் நாலு சுவரிலும் வைத்தேன். பசை அதில் ஒட்டாது என்பதால் தலை அமிழ்ந்த திருகு போட வேண்டியிருந்தது. தண்டு விரல் நுனியால் தள்ளினால் இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் லேசாகத்தான் அசைய வேண்டும், அந்த அளவில் இழைத்து நிறுத்தினேன். நான்கு வருடத்தில் ஒரு தடவை, மூன்று குழிகளுக்கு மட்டும் பட்டை மாற்றியிருக்கிறேன். குழியின் அடிவாயைத் திறந்தே விட்டதால் மணலும் தண்ணீரும் கீழே போய்விடுகின்றன. தண்டு கீழே விழாமல் இருக்க அடியில் ஒரு குறுக்குக் கம்பி போதும். மூடி போட்டு அழகு பார்க்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியப் படகு ஒரு தப்பட்டை மாதிரி. உலோகம் உலோகத்தில் இடித்தால் அப்படியே தண்ணீருக்குள் இறங்கும். கெளுத்திக்குக் காது வெளியே தெரியாவிட்டாலும் கேட்கும் திறன் அதிகம். அதன் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவே சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன, காற்றுப்பையில் படும் அதிர்வை அவை காதுக்குக் கொண்டுபோகின்றன. பட்டை வைத்த பிறகு மீன் அதிகம் விழுந்ததா என்றால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் காதுக்கு நிம்மதி, அது நிச்சயம்.

வலுவைப் பற்றி யோசிக்கும்போது எல்லோரும் பெரிய மீனைத்தான் மனதில் வைக்கிறார்கள். ஹோல்டரை உண்மையில் சோதிப்பது அடியில் கிடக்கும் மரக்கட்டைதான். மீன் இழுத்தால் ட்ராக், அதாவது ரீலில் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக், வழியாக நரம்பு ஓடும். படகு நீரோட்டத்தில் நகரும்போது முள் கட்டையில் மாட்டி, ட்ராக்கும் இறுக்கமாக இருந்துவிட்டால் மொத்தப் படகும் அந்த ஒரு ஹோல்டரில் தொங்குகிறது. 50 பவுண்டு நரம்பு அறுவதற்கு முன் ஏறக்குறைய 23 கிலோ இழுக்கும். வளைந்த ராடின் நுனி ஹோல்டரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருந்தால், 15 செ.மீ. இடைவெளியில் இருக்கும் போல்ட்டுக்கு அது 230 கிலோ இழுவையாகப் போய்ச் சேர்கிறது. எனக்கு இது இரண்டாவது வடிவத்தில், அதாவது அந்த இரண்டு போல்ட் செட்டில், நடந்தது. ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹோல்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை, படகின் விளிம்பு உள்பக்கமாக மடங்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் உள்ளங்கையைவிடப் பெரிய 5 மி.மீ. அலுமினியத் தட்டு, மூலைகளை உருட்டி வைத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் வெறும் வாஷரை நம்பி யாராவது போல்ட் போட்டால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

தண்டையும் வட்டக் குழாயையும் வெல்டிங் வைக்காமல் போல்ட்டில்தான் பூட்டியிருக்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் வெல்டிங் வைத்தேன். இரண்டாம் வருடம் அது பற்று வைத்த இடத்துக்குப் பக்கத்தில், விரல் அகலம் தள்ளி விரிசல் விட்டது. வேலைக்காரர் மேல் தப்பு இல்லை. 6061-டி6 போன்ற அலுமினியம் சூட்டுப் பதத்தால் வலு பெற்றது, வெல்டிங் சூடு அந்தப் பதத்தைச் சுற்றுவட்டத்தில் கெடுத்துவிடும். வெல்டிங்தான் வேண்டும் என்றால் கனமான குழாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராடு நுழையும் குழாய்க்கு உள்விட்டம் 41 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம் என்று விற்கும் பைப்பின் அளவு. கெளுத்தி ராடின் தடித்த கைப்பிடிக்கு இது போதும். ஆழத்தை முதலில் 30 செ.மீ. வைத்தேன், ராடு பத்திரமாக இருக்கட்டுமே என்று. ரொம்பப் பத்திரமாகவே இருந்தது. மீன் இழுத்து வளைந்து நிற்கும் ராடை வெளியே எடுக்கவே முடியவில்லை. குழாயின் வாய் மேலேயும் அடி பின்னாலும் கைப்பிடியைக் கவ்விக்கொள்ளும். நான் இரண்டு கையாலும் மல்லுக்கட்டுகிறேன், மீன் அதுபாட்டுக்குக் கட்டைக்குள் போகிறது. அடுத்த நாளே ஆறையும் 23 செ.மீட்டருக்கு அறுத்தேன். ஸ்பின்னிங் ரீலின் கால் உட்காரும்படி வாயில் ஒரு வெட்டும் கொடுத்தேன். அந்த வெட்டின் ஓரத்தை அரத்தால் மழுங்கடிக்காமல் விட்டால் ஒரே மாதத்தில் கைப்பிடியின் நுரையைச் சீவித் தள்ளிவிடும். பழைய ரப்பர் ஹோஸைப் பிளந்து வாய் விளிம்பில் கவிழ்த்திருக்கிறேன், வெயிலில் கையில் கறுப்பு ஒட்டுகிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

சாய்வு 45 டிகிரியில் தொடங்கி இப்போது கிடைமட்டத்திலிருந்து 25 டிகிரியில் நிற்கிறது. நான் போடுவது வட்ட முள். அதற்கு வெட்டி இழுக்கக்கூடாது. மீன் இரையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது நரம்பு மெதுவாக இறுகி, முள் தானே வாயோரத்தில் பாயும். அந்த வேலையைச் செய்வது ஹோல்டர்தான். ராடு தாழ்வாகப் படுத்திருந்தால் நுனி முதலில் கொஞ்சமாக வளைந்து, அப்புறம் கனம் ஏறும். நன்றாக வளைந்து நிற்கும்வரை கையை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். புதிதாகக் கூட வருகிறவர்கள் நுனி துடித்ததுமே பாய்ந்து ராடைப் பிடுங்கிவிடுகிறார்கள். எடுக்கும்போது முதலில் ஹோல்டரிலேயே ரீலை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு ராடை நேராக உங்கள் பக்கம் இழுங்கள். மேலே தூக்கினால் வராது.

துரு விஷயத்தில் என் தப்பு ஒன்று உண்டு. போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் என்பதால் கவலையே இல்லை என்று இருந்தேன். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம்தான் கரையும். இரண்டாம் வருடக் கடைசியில் போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தது. கழற்றி, சுரண்டி, நைலான் வாஷரும் போல்ட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழலும் வைத்தேன். இங்கே நைலான் ஊதினாலும் கெடுதல் இல்லை. மரையில் போடும் கிரீஸைப் பார்த்து வாங்குங்கள், செம்புப் பொடி கலந்ததாக இருந்தால் பலகையில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

கடைசியாகப் பின். முதலில் கிளிப் போட்ட பின் வைத்திருந்தேன். முதல் மாதத்திலேயே ஐந்து கிளிப் ஆற்றுக்குப் போனது. இப்போது விரல் நுழையும் வளையம் வைத்த, நுனியில் சின்ன உருண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் பின், ஒவ்வொன்றும் மெல்லிய கம்பியால் குழியோடு கட்டியது. ஒரு கையால் இழுத்து மறு கையால் ஹோல்டரைத் தூக்க இரண்டு நொடி. ஆறையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு வலையை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதனால்தான் இந்த நான்கு வருடமும் ஒவ்வொரு தடவையும் கழற்றியிருக்கிறேன். பின் ஓட்டைகள் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன. அடுத்த முறை கழற்றும்போது அவற்றில் ஸ்டெயின்லெஸ் புஷ் அடிக்க வேண்டும், தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

ஆறும் ஆறு விதம் என்றேன் அல்லவா? ஒவ்வொரு தண்டின் மூலையிலும் அரத்தால் வெட்டு போட்டிருக்கிறேன், முதல் ஹோல்டருக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படியே. குழியின் விளிம்பிலும் அதே எண்ணிக்கை. லைட் போடாமல் கட்டைவிரலால் தடவியே எது எங்கே என்று தெரிந்துகொள்வேன். போன வருடம் ஆறாவது கை நழுவித் தண்ணீரில் விழுந்து நேராக அடிக்குப் போய்விட்டது. புதிது செய்து மாட்டிவிட்டேன், வெட்டு மட்டும் இன்னும் போடவில்லை. இருட்டில் தடவிப் பார்த்து வழவழவென்று இருந்தால் அதுதான் ஆறு.