மால்டாவை விட்டுவிட்டு சூயஸுக்கு ஓடியவன்: ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, எட்டு வருட அனுபவம்

இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டை நடத்தும் கணினி வியூக கேம் இது. 2017 கடைசியில் வாங்கினேன். இன்றுவரை இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆடியாயிற்று. அதில் பாதிக்கு மேல் ஒரே நாடு, இத்தாலி.

ஏன் இத்தாலி என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியை எடுத்தால் கப்பல் பக்கமே போகாமல் மாஸ்கோ வரை போகலாம். சோவியத்தும் அப்படித்தான். இத்தாலியில் அது நடக்காது. தொழிற்சாலைகள் மிலானிலும் டூரினிலும் இருக்கின்றன. சண்டை போட வேண்டிய படை லிபியா பாலைவனத்தில் நிற்கிறது. நடுவில் கடல். அந்தக் கடலுக்கு நடுவில் பிரிட்டனின் கையில் மால்டா. தரைப்படையையும் கப்பற்படையையும் சேர்த்து யோசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்த கேமில் எனக்குத் தெரிந்து இல்லை.

புதியவர்களுக்கு இரண்டு வரி. 1936 ஜனவரி 1 அல்லது 1939 ஆகஸ்ட் 14, இந்த இரண்டு தேதிகளில் ஒன்றில் தொடங்கலாம். உலகத்தின் எந்த நாட்டையும் எடுக்கலாம். தொடங்கும்போது ஒரு சின்ன தேர்வு கேட்கும்: மற்ற நாடுகள் வரலாற்றுப்படி நடக்கட்டுமா, வேண்டாமா? நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் போடுவேன். அப்போது ஜெர்மன் ராணுவம் ஹிட்லருக்கு எதிராகக் கிளம்பி உள்நாட்டுப் போர் வெடிக்கலாம், ஜெர்மனியின் முன்னாள் பேரரசர் கைசர் திரும்பி வரலாம். அப்படி ஒரு உலகத்தில் இத்தாலிக்கு உதவ ஜெர்மன் தளபதி ரோமல் வரமாட்டார். நிஜத்தில் 1941 பிப்ரவரியில் அவர் திரிப்போலியில் வந்து இறங்கினார். என் கேமில் அந்த மாதம் ஜெர்மனி தன் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டனோடு நான் தனியாக மோத வேண்டும்.

எனக்குப் பாடம் கற்பித்த ஆட்டம் 2021 டிசம்பரில் நடந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் பெரிய அப்டேட் ஒன்று வந்து, படைகளுக்குச் சரக்கு போய்ச் சேரும் சப்ளை முறையையே மாற்றியிருந்தது. 2019 அப்டேட்டில் எரிபொருள் வந்தது. இப்போது ரயில் பாதை, சப்ளை மையம், துறைமுகத்தின் கொள்ளளவு எல்லாம் கணக்கில் சேர்ந்தன. நான் பழைய பழக்கத்தில் பதினான்கு டிவிஷன்களை (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) கிழக்கு லிபியாவின் தொப்ரூக் துறைமுகத்தில் குவித்தேன். அதில் நான்கு டாங்கி டிவிஷன். பிரிட்டிஷ் படை இருந்த எகிப்தின் எல்லையைத் தாண்டி, சூயஸைக் குறிவைத்து, மெர்சா மத்ரூ என்ற கரையோர ஊர் வரை பத்தே நாளில் போய்விட்டேன். மேப்பில் படை போகும் வழியைக் காட்டும் அம்பு அழகாக நீண்டுகொண்டே போனது.

பதினோராவது நாள் எல்லாம் நின்றது. டாங்கி டிவிஷன்களுக்கு மேல் சப்ளை இல்லை என்கிற அடையாளம் வரிசையாக முளைத்தது. சப்ளை மேப்பைத் திறந்து, தொப்ரூக் துறைமுகத்தின் மேல் சுட்டியை வைத்துப் பார்த்தேன். ரோமில் கிளம்பும் சரக்கு ரயிலில் தெற்கே வந்து, கப்பல் ஏறி, கடல் தாண்டி, தொப்ரூக்கில் இறங்கி, அங்கிருந்து லாரியில் பாலைவனத்துக்குள் போக வேண்டும். லிபியக் கரையோரம் அந்தப் பகுதியில் ரயிலே கிடையாது. இந்தச் சங்கிலியில் கடல் கண்ணி அறுந்திருந்தது. இருநூறு சரக்குக் கப்பல்களில் எழுபதுதான் மிச்சம். மால்டாவிலிருந்து கிளம்பிய விமானங்களும் நீர்மூழ்கிகளும் மற்றதை எல்லாம் முழுங்கியிருந்தன. நான் பத்து நாளும் தரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

1942-இல் நிஜமாகவே நடந்தது ஏறக்குறைய இதுதான். மால்டாவைப் பிடிக்க இத்தாலியும் ஜெர்மனியும் ஹெர்குலிஸ் என்று ஒரு திட்டம் போட்டிருந்தன. ஜூன் 21 அன்று தொப்ரூக் விழுந்ததும் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு எகிப்துக்குள் ஓடினார்கள். அலெக்ஸாண்ட்ரியாவுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, எல் அலமைனில் மூச்சு நின்றது. அந்த ஆகஸ்டில் ஒஹையோ என்ற எண்ணெய்க் கப்பல் குண்டுகளால் சிதைந்து, மற்ற கப்பல்கள் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க, 15-ஆம் தேதி மால்டாவுக்குள் போய்ச் சேர்ந்தது. மால்டா பிழைத்தது. இதையெல்லாம் படித்திருந்தேன்தான். ஆனால் என் டாங்கிகள் மணலில் நின்ற அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

இப்போது என் திட்டம் தலைகீழ். முதலில் கடல் மேப்பைத் திறக்கிறேன். தரை மேப் அப்புறம்தான்.

கடல்வழியாகப் படை இறக்க, கடக்கும் ஒவ்வொரு கடல் மண்டலத்திலும் நம் கப்பற்படையின் ஆதிக்கம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் படை துறைமுகத்தைவிட்டு நகராது. புதியவர்கள் இதற்காகப் பெரிய கப்பல்களை எல்லாம் ரோந்துக்கு அனுப்பி எண்ணெயை எரிப்பார்கள். இத்தாலியிடம் எண்ணெய் கிடையாது, அது தாங்காது. சின்னக் கப்பல்களான டிஸ்ட்ராயர்களையும் இலகு குரூஸர்களையும் நாலு நாலாகப் பிரித்து ரோந்துக்கு விடுங்கள். பெரிய போர்க்கப்பல்கள் தெற்கு இத்தாலியின் தரந்தோ துறைமுகத்தில் தாக்குதல் படையாகக் காத்திருக்கட்டும். ரோந்து எதிரியைக் கண்டுபிடித்த பிறகுதான் அவை கிளம்பும். துறைமுகத்தில் சும்மா நிற்கும்போது எண்ணெய் எரியாது. அதே நேரம் தரந்தோவில் விமான எதிர்ப்பு பீரங்கி கட்ட மறக்க வேண்டாம். 1940 நவம்பர் 11 இரவு பிரிட்டனின் இருபத்தொரு பழைய ஸோர்ட்ஃபிஷ் விமானங்கள் வந்து, அங்கே நின்றிருந்த மூன்று போர்க்கப்பல்களை அடித்துவிட்டுப் போயின. கேமிலும் துறைமுகத்தில் நிற்கும் கப்பலை விமானம் தாக்கும்.

சிசிலியில் கடல் குண்டுவீச்சு விமானங்களை நிறைய வையுங்கள். என் அனுபவத்தில் ஒரு புதிய போர்க்கப்பல் கட்டும் செலவில் செய்யும் விமானங்கள் அந்தக் கப்பலைவிட அதிகம் சாதிக்கின்றன.

போன கோடையில் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். இந்த கேமில் ஒரே நாட்டை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். அவனுக்குக் கடலும் ஆகாயமும், எனக்குத் தரை என்று பிரித்துக்கொண்டோம். எட்டு வருடத்தில் நான் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அதுதான்.

மால்டாவுக்கு, கடலிலிருந்து கரையில் இறங்கப் பயிற்சி பெற்ற மூன்று மரைன் டிவிஷன். போர் அறிவிப்பதற்கு முன்பே அம்பு போட்டு, தயாரிப்பு நாட்களை ஓட்டிவிட்டோம். லிபியாவில் என் படைகள் எல்லையில் அசையாமல் நின்றன. நின்றால்தான் தாக்கும் பலத்தைக் கூட்டும் திட்டமிடல் போனஸ் ஏறும். அவசரப்பட்டு ஒவ்வொரு டிவிஷனாகக் கையால் நகர்த்தினால் அது கரைந்துவிடும். போர் அறிவித்தோம். முதல் நாளிலேயே ஒரு கடல்சண்டை நடந்து, இரண்டு போர்க்கப்பல்கள் அடிபட்டுத் திரும்பின. மால்டா அம்பின் மேல் சுட்டியை வைத்தேன். ஆதிக்கம் 46 என்று காட்டியது. எனக்குக் கை பரபரத்தது, எல்லையைத் தாண்டிவிடலாம் என்று.

"மாமா, பொறுங்க. ரெண்டும் ரிப்பேர்ல இருக்கு. வந்துடும்."

"அவன் எகிப்துல படையைச் சேர்த்துட்டே இருக்கான்டா."

"சேர்க்கட்டும் மாமா. மால்டா இல்லாம நீங்க போனா திரும்பி வரமாட்டீங்க."

பொறுத்தேன். கேமில் பன்னிரண்டு நாள் போனது. 46 மெல்ல ஏறி 53 ஆனதும் அம்பு தானாகவே உயிர் பெற்றது. மால்டா சின்னத் தீவு, இறங்கும் இடத்திலேயே துறைமுகமும் இருக்கிறது. ஒரு வாரத்தில் விழுந்தது. அன்றிலிருந்து தொப்ரூக்குக்குப் போன சரக்குக் கப்பல்களில் ஒன்றிரண்டுதான் மூழ்கின.

அடுத்து எகிப்து. எல்லையில் நேருக்கு நேர் இடித்தால் ஆள்தான் சாகும். அதனால் நான் முன்னால் பிடித்து நிறுத்த, அவன் நான்கு டிவிஷனை மெர்சா மத்ரூவுக்குப் பக்கத்துக் கரையில் இறக்கினான். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலியான கடற்கரை என்று பார்த்து இறங்கினால், கூடக் கொண்டுபோன சரக்கு தீர்ந்ததும் படை பட்டினி கிடக்கும். துறைமுகத்துக்கு ஒட்டிய கரையில் இறங்கி, மறுநாளே துறைமுகத்தைப் பிடிக்க வேண்டும். மிதக்கும் துறைமுகம் என்று ஒன்றும் கேமில் இருக்கிறது; ஆராய்ச்சி செய்து கட்டிவைத்தால் அவசரத்துக்கு உதவும்.

பின்வாசலையும் மறக்கக் கூடாது. எகிப்துக்கு இந்தியாவிலிருந்து வரும் படைகள் செங்கடல் வழியாகத்தான் வரும். நிஜத்திலும் 4-ஆவது இந்திய டிவிஷன் முதலில் எகிப்துப் பாலைவனத்தில் சண்டை போட்டு, பிறகு இத்தாலியின் காலனியான எரித்ரியாவுக்குப் போய் 1941-இல் கெரனில் மோதியது. இத்தாலி போரில் இறங்கியபோது அதன் எட்டு நீர்மூழ்கிகள் அங்கே மசாவா துறைமுகத்தில் இருந்தன. நான் கேமில் அந்தத் துறைமுகத்தில் நீர்மூழ்கிகளைக் கூட்டி, செங்கடலில் சரக்குக் கப்பல் வேட்டைக்கு விடுகிறேன். எகிப்தில் இருக்கும் பிரிட்டிஷ் படை மெல்ல மெலிந்துபோகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடல் பகுதியின் திரைகள் எட்டு வருடம் கழித்தும் குழப்புகின்றன. கப்பல் ஏன் கிளம்பவில்லை என்று கண்டுபிடிக்க நாலு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. கேமுக்குள் இருக்கும் பயிற்சிப் பாடம் இதற்குப் போதாது. கூட்டாளி நாடுகள் கேட்காமலே ஆப்பிரிக்காவுக்கு இருபது டிவிஷனை அனுப்பி, நம் சப்ளையைச் சாப்பிட்டுவிடும். 1943-க்கு மேல் ஆட்டம் ஊர்ந்து போகும், என் லேப்டாப் சூடேறிவிடும். கூடுதல் பகுதிகளைத் தனித்தனியாக வாங்க வேண்டும், மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் கணிசமான பணம். தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். கடல் போர் பிடிக்கும் என்றால் முதலில் கப்பல் வடிவமைப்பு வருகிற பகுதியை வாங்குங்கள். இத்தாலிக்கென்று 2022-இல் வந்த பகுதி அடுத்தது.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு இன்னும் பிடிபடாதது ஜிப்ரால்டர். சூயஸையும் ஜிப்ரால்டரையும் சேர்த்துப் பிடித்தால் பிரிட்டிஷ் கப்பற்படைக்கு மத்திய தரைக்கடலின் இரண்டு கதவும் சாத்தப்பட்டுவிடும். ஜெர்மனியும் இதற்கு ஃபெலிக்ஸ் என்று திட்டம் போட்டது. ஹிட்லர் 1940 அக்டோபர் 23 அன்று பிரெஞ்சு எல்லை ஊரான ஆந்தாயில் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவைச் சந்தித்துப் பேசியும் ஸ்பெயின் போருக்குள் வரவில்லை. என் கேமிலும் ஸ்பெயின் வரவில்லை. கடல்வழியாக இரண்டு முறை மோதிப் பார்த்தோம். இரண்டு முறையும் மரைன்கள் கரையிலேயே அழிந்தார்கள். அங்கே ஆதிக்கம் 50-ஐத் தாண்டினாலும் நிற்பதில்லை, அட்லாண்டிக்கிலிருந்து புதுக் கப்பல்கள் வந்துவிடுகின்றன.

அந்த ஆட்டம் 1942 மார்ச்சில் சேமித்துவைத்தபடி இருக்கிறது. அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான்: "மாமா, ஜிப்ரால்டர் பக்கம் கடலில் கண்ணிவெடி போட்டால் ஆதிக்கம் கொஞ்சம் ஏறும். தீபாவளிக்கு வரும்போது போட்டுப் பார்க்கலாம். அதுவரைக்கும் தொடாதீங்க."

நான் தொடவில்லை.